வழிபாட்டு மேடையில் வாக்குக் கேட்டால் குற்றமா?

வந்த கடிதம்

எழுதியிருப்பவர் ஒரு வழிபாட்டுத் தலத்தின் நிர்வாகக் குழுச் செயலாளர். வயது 58. 11 ஆண்டுகளாக அந்தப் பொறுப்பில் இருக்கிறார். நடந்து முடிந்த சட்டமன்றத் தேர்தலில், வாக்குப்பதிவுக்கு எட்டு நாட்கள் முன்பு அவர்களுடைய ஆண்டு விழா வந்தது. விழாவின் நடுவில், முன்னறிவிப்பு ஏதுமில்லாமல் ஒரு வேட்பாளரை மேடைக்கு அழைத்து வந்து மாலை அணிவித்தார்கள். சமயப் பெரியவர் ஒலிபெருக்கியில் இப்படிச் சொன்னார்: “இந்த முறை நம்மவர் ஒருவர் சட்டமன்றத்துக்குப் போயாக வேண்டும். மாற்றிப் போடுகிறவர்கள் நாளை மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.” வேட்பாளர் கைகூப்பியபடி அருகிலேயே நின்றார்.

செயலாளர் மேடை ஓரத்தில் இருந்தார். “எழுந்து தடுக்க நினைத்தேன், கால் நகரவில்லை” என்கிறார். அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில், நடந்தது தவறு என்று பேசியிருக்கிறார். மற்றவர்கள் அவரை மதத் துரோகி என்றார்கள், பதவி விலகச் சொன்னார்கள். மினிட் புத்தகத்தை எழுதுபவர் அவரேதான். “குழுவுக்குள் பிளவு வெளியில் தெரிய வேண்டாம்” என்று தன் ஆட்சேபத்தை அதில் எழுதாமல் விட்டுவிட்டார். பந்தல், ஒலிபெருக்கிச் செலவுக்கான காசோலையில் விழாவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே அவர் கையெழுத்திட்டிருந்தார். நிகழ்ச்சியின் காணொளி அவருடைய செல்பேசியில் இருக்கிறது. அந்த வேட்பாளர் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார். முடிவு அறிவிக்கப்பட்டு 62 நாட்கள் ஆகின்றன.

வீட்டிலும் நிம்மதி இல்லை. “மதச்சார்பற்ற நாட்டில் மதத்தை வாசலுக்கு வெளியே கொண்டுவருவதே சட்டவிரோதம். அந்தத் தேர்தலை ரத்து செய்ய வேண்டும், மேடையில் இருந்த எல்லாரையும் வெறுப்புப் பேச்சுக்காகச் சிறையில் போட வேண்டும்” என்கிறார் மகன். இருவரும் பேசிக்கொள்வதில்லை. தந்தைக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மதுக்கடையை மூடக் கோரிய பொதுக்கூட்டத்தில், “என் மதம் மதுவை விலக்கியிருக்கிறது” என்று அவர் பேசியிருந்தார். அதுவும் தவறா என்று கேட்கிறார். நாங்கள் செய்தது குற்றமா, வெற்றி செல்லாமல் போகுமா, நான் விலக வேண்டுமா என்பவை மற்றக் கேள்விகள்.

பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் மதம் எது, அந்த வேட்பாளரின் கட்சி எது என்பதையெல்லாம் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் நான் வேண்டுமென்றே நீக்கிவிட்டேன். அடையாளத்தை மறைப்பது ஒரு காரணம். எந்த மதத்தை அந்த இடத்தில் வைத்தாலும் என் பதிலில் ஒரு வரிகூட மாறாது என்பது அதைவிட முக்கியமான காரணம். இதைப் படிக்கிறவர்களில் சிலர் “இது யாராக இருக்கும்” என்று ஊகிக்கத் தொடங்குவார்கள். அவர்கள் தங்களுடைய வழிபாட்டுத் தலத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் மகனிடமிருந்து தொடங்குகிறேன். அவர் கோபம் நியாயமானது. ஆனால் சட்டத்தை அவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையில் மதச்சார்பற்ற என்ற சொல் 1976இல், 42ஆவது திருத்தத்தின் வழியாகச் சேர்ந்தது. அந்தச் சொல் அரசைக் கட்டுப்படுத்துகிறது. அரசுக்கென்று ஒரு மதம் கிடையாது. ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று வரி வசூலிக்க முடியாது என்கிறது 27ஆவது பிரிவு. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது 28ஆவது பிரிவு. குடிமகனுக்கு இப்படி எந்த வாய்ப்பூட்டும் இல்லை. 25ஆவது பிரிவு நம்பிக்கையைக் கடைப்பிடிக்க மட்டும் உரிமை தரவில்லை, அதை வெளிப்படையாக அறிவிக்கவும் பரப்பவும்கூட உரிமை தருகிறது. சட்டமன்ற உறுப்பினர் பதவியேற்கும்போதே கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். மூன்றாம் அட்டவணை இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறது. மதத்தை வாசலுக்கு வெளியே கொண்டுவருவதே குற்றம் என்றால், அந்த முதல் வாசகம் அங்கே இருக்கவே முடியாது.

இதற்குப் பின்னால் ஒரு நாள் விவாதம் இருக்கிறது. 1949 அக்டோபர் 17 அன்று, முகப்புரையைக் கடவுளின் பெயரோடு தொடங்க வேண்டும் என்று அரசமைப்பு நிர்ணய சபையில் எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்தவர்கள் எல்லாரும் நாத்திகர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நம்பிக்கை விஷயத்தில் இது கட்டாயப்படுத்துவதாகிவிடும் என்று பட்டம் தாணுப் பிள்ளை வாதிட்டார். நம் உள்ளத்தின் மிகப் புனிதமான உணர்வு விவாதக் களத்துக்கு இழுத்து வரப்பட்டதே என்று இருதயநாத் குன்ஸ்ரு வருந்தினார். நம்பிக்கையின் மேல் இருந்த மரியாதையால்தான் அதை வாக்கெடுப்பிலிருந்து தள்ளி வைக்க அவர்கள் விரும்பினார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இந்த விவாதம்தான். ஏனென்றால் நீங்களும் அந்த விழா மேடையில் பக்தராக இருந்துதான் வேதனைப்பட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மகனின் பேச்சில் உண்மையும் இருக்கிறது. அதே 25ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, சமய வழக்கத்தோடு சேர்ந்து வரும் பொருளாதார, நிதி, அரசியல் நடவடிக்கைகளை முறைப்படுத்தவும் கட்டுப்படுத்தவும் அரசு சட்டம் இயற்றலாம் என்கிறது. அரசியல் என்ற சொல்லே அங்கே இருக்கிறது. அதற்கு வரலாறும் உண்டு. 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் மத அடிப்படையிலான தனி வாக்காளர் தொகுதிகள் வந்தன. அவை எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை நம் முன்னோர் 1947இல் பார்த்தார்கள். அதனால்தான் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே பொது வாக்காளர் பட்டியல், மதத்தின் பேரில் எவரையும் சேர்ப்பதோ விடுவதோ கூடாது என்று 325ஆவது பிரிவு எழுதப்பட்டது. பட்டியலில் நீங்கள் ஒரு பெயர், ஒரு வயது, ஒரு முகவரி, அவ்வளவுதான். அந்தப் பட்டியலை மேடையிலிருந்து மறுபடியும் மதவாரியாகப் பிரித்துப் படிப்பதைத்தான் தேர்தல் சட்டம் தடுக்கிறது.

அன்று நடந்தது எந்தச் சட்டத்தில் விழுகிறது?

உங்கள் குழுத் தலைவர் இரண்டு சமாதானங்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். “நாம் வேறு மதத்தைத் திட்டவில்லை. கட்சிப் பெயரையும் சொல்லவில்லை.” இரண்டும் உண்மைதான். இரண்டுமே காப்பாற்றாது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 123ஆவது பிரிவு சில செயல்களை ஊழல் செயல் என்று பட்டியலிடுகிறது. லஞ்சம் கொடுப்பது அதில் ஒன்று. மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் அடிப்படையில் வாக்குக் கேட்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. திட்டினால்தான் தவறு என்றில்லை, கேட்டாலே தவறு. அந்த உட்பிரிவில் ‘அவருடைய மதம்’ என்று வரும் சொல் வேட்பாளரின் மதத்தை மட்டும் குறிக்கிறதா, வாக்காளரின் மதத்தையும் குறிக்கிறதா என்பது நீண்ட நாள் சர்ச்சை. 2017 ஜனவரி 2 அன்று அபிராம் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அதைத் தீர்த்து வைத்தது. நால்வர் பெரும்பான்மையாக, வேட்பாளர், எதிர்த்து நிற்பவர், முகவர், வாக்காளர் ஆகிய எவருடைய மதத்தை வைத்துக் கேட்டாலும் அது ஊழல் செயல்தான் என்றார்கள். உங்கள் மேடையில் சொன்ன ‘நம்மவர்’ என்ற ஒரே சொல்லில் வேட்பாளரும் இருக்கிறார், வாக்காளரும் இருக்கிறார்.

பெரியவர் பேசிய இரண்டாவது வாக்கியம் இன்னும் கனமானது. இறைவனின் அதிருப்திக்கோ சமயக் கண்டனத்துக்கோ ஆளாவாய் என்று ஒரு வாக்காளரை நம்ப வைக்க முயல்வதைத் ‘தகாத செல்வாக்கு’ என்று அதே 123ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. 1959இல் ராம் தயாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசியது. ஒரு சமயக் குரு தன் அடியார்களுக்கு இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று கட்டளை அனுப்பியிருந்தார். சமயத் தலைவரும் ஒரு குடிமகனே. எந்த வேட்பாளர் தகுதியானவர் என்று கருத்துச் சொல்லவும், அவருக்காக ஆதரவு திரட்டவும் அவருக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் முதலில் ஒப்புக்கொண்டது. ஆனால் கேட்பவருக்கு வேறு வழியே இல்லை, மீறினால் தெய்வக் குற்றம் என்ற நிலையை அந்தச் சொல் உண்டாக்கிவிட்டால் அது கருத்து என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது என்றது. அந்தத் தேர்தல் செல்லாமல் போனது.

தயவுசெய்து இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். “இவர் நேர்மையானவர் என்று நான் நினைக்கிறேன்” என்று உங்கள் பெரியவர் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியிருந்தால், கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்து மறுத்திருக்கலாம். “மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கும்” என்று வழிபாட்டின் நடுவே சொன்ன பிறகு, கடைசி வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி எப்படி மறுப்பார்? வாக்குச்சாவடித் தடுப்புக்குள் அவர் தனியாக நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் ரகசிய வாக்கெடுப்பே இருக்கிறது. பெரியவர் அவரோடு உள்ளேயும் போய்விட்டார்.

மகன் சொல்லும் வெறுப்புப் பேச்சுப் பிரிவுகளுக்கு வருகிறேன். பிரிவினரிடையே பகையை மூட்டுவதற்குத் தேர்தல் சட்டத்தின் 125ஆவது பிரிவும், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவும் இருக்கின்றன. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதுதான் 153ஏ. காணொளியிலிருந்து நீங்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்து அனுப்பிய பேச்சில் வேறொரு மதத்தாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனவே இந்தப் பிரிவுகள் பொருந்தாது. பொருந்தாத கடுமையான பிரிவைப் புகாரில் சேர்த்தால் பொருந்துகிற பிரிவும் வலுவிழக்கும். இதை உங்கள் மகனிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

வெற்றி செல்லாமல் போகுமா?

இனிப் போகாது. இதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

123ஆவது பிரிவின் ஊழல் செயலுக்குச் சிறைத் தண்டனை இல்லை. உயர் நீதிமன்றத்தில் தொடுக்கும் தேர்தல் மனுவில்தான் அதை நிரூபிக்க முடியும். நிரூபித்தால் வெற்றி செல்லாது. ஆறு ஆண்டுகள் வரை தகுதியிழப்பும் வரலாம். மனுவைத் தோற்ற வேட்பாளர்தான் போட வேண்டும் என்பதில்லை. அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் 2,000 ரூபாய் பிணைத்தொகை கட்டித் தொடுக்கலாம். நீங்களும் தொடுத்திருக்கலாம். ஆனால் முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் தொடுக்க வேண்டும். மற்ற வழக்குகளில் போலத் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்க இங்கே இடமில்லை. 1974இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. உங்கள் கடிதம் 62ஆம் நாள் எழுதப்பட்டது.

தோற்ற வேட்பாளரோ வேறு வாக்காளரோ ஏற்கெனவே மனுத் தாக்கல் செய்திருந்தால் நிலைமை வேறு. அப்போது நீங்கள் சாட்சியாக அழைக்கப்படலாம். மேடையில் பேசியவர் வேட்பாளரின் சம்மதத்தோடுதான் பேசினார் என்று காட்ட வேண்டும். கைகூப்பி நின்றது அதற்கு ஒரு சான்று. ஆனால் ஊழல் செயலுக்கான நிரூபணத்தை நீதிமன்றங்கள் ஏறக்குறைய குற்ற வழக்கைப் போலவே கடுமையாக எடைபோடுகின்றன என்பதையும் அறிந்திருங்கள்.

தேர்தல் ஆணையத்துக்கு இப்போது எழுதினாலும் பெரிய பலன் இராது. வழிபாட்டுத் தலங்களைப் பிரசார மேடையாகப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அந்த விதிகள் தேர்தல் நடைமுறை முடிந்ததோடு ஓய்ந்துவிடும். அன்றைக்கே, விதிமீறலைப் புகார் செய்வதற்கான தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அந்தக் காணொளி போயிருந்தால் பறக்கும் படை வந்திருக்கும்.

நீங்கள் கேட்காத கேள்வி

உங்கள் கடிதம் முழுக்க உங்களைச் சாட்சியாகவே நினைத்து எழுதியிருக்கிறீர்கள். சட்டம் உங்களை வேறு இடத்திலும் வைத்துப் பார்க்கிறது. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. நிர்வாகக் குழுக்களில் இருப்பவர்களில் பலர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. மத நிறுவனத்தின் இடத்தையோ பணத்தையோ அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதும், பயன்படுத்த அனுமதிப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம். விழாவையோ ஊர்வலத்தையோ அப்படிப் பயன்படுத்த விடுவதும் குற்றம். ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தண்டனை பெற்றவர் ஆறு ஆண்டுகளுக்கு எந்த மத நிறுவனத்திலும் பொறுப்பு வகிக்க முடியாது. இதில் மேலாளர் என்ற சொல்லுக்குள் தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ நிர்வாகம் செய்யும் எல்லாரும் அடங்குவார்கள். சமயப் பெரியவர் அடங்குவார், குழுத் தலைவர் அடங்குவார், செயலாளராகிய நீங்களும் அடங்குவீர்கள். இப்படி ஒரு மீறல் நடந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமையையும் அந்தச் சட்டம் மேலாளர்கள் மேல் வைத்திருக்கிறது.

பயப்பட வேண்டாம், ஐயா. காசோலையில் கையெழுத்திட்டபோது வேட்பாளர் வருவது உங்களுக்குத் தெரியாது. பணம் விழாவுக்காகத்தான் கொடுக்கப்பட்டது. உங்களைக் கேட்டு அவரை மேடையேற்றவில்லை. இவையெல்லாம் உங்கள் பக்கம் நிற்கின்றன. ஆனால் இவற்றைக் காட்ட உங்களிடம் ஓர் எழுத்தும் இல்லை. பெருந்தன்மையாக நினைத்து உங்கள் ஆட்சேபத்தை நீங்களே விட்டுவிட்டதால், அந்தக் கூட்டத்தில் எல்லாரும் ஒருமனதாக இருந்ததாக உங்கள் கையெழுத்திலேயே பதிவாகியிருக்கிறது.

அந்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அரசியல் நடவடிக்கை என்பதற்கு அது தரும் விளக்கம் மிக அகலமானது. அரசியல் தன்மையுள்ள எந்தப் பிரச்சினையையும் பரப்புவது என்று அது போகிறது. அப்படியே எடுத்துக்கொண்டால், தங்கள் சமூகத்தைப் பாதிக்கும் ஒரு மசோதாவைப் பற்றி வழிபாட்டுத் தலத்தில் விளக்கக் கூட்டம் நடத்துவதையும் அதில் இழுத்துவிடலாம். அது நியாயமாகாது என்பது என் கருத்து. ஆனால் வேட்பாளருக்காக வாக்குக் கேட்பது அந்த விளக்கத்தின் நட்ட நடுவில் இருக்கிறது. அதில் ஐயமே இல்லை.

செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

மினிட் புத்தகத்தின் பழைய பக்கத்தில் இப்போது ஒரு வரியும் சேர்க்காதீர்கள். உங்கள் கைக்குத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். பின்னால் செருகிய வரி, உண்மையையே பொய்யாக்கிவிடும். அடுத்த கூட்டத்தில் முந்தைய கூட்டத்தின் மினிட்டை வாசித்து உறுதிசெய்யும்போது, “என் ஆட்சேபம் விடுபட்டிருக்கிறது, அதைச் சேர்க்க வேண்டும்” என்று கேளுங்கள். அவர்கள் மறுத்தால் மறுத்ததையும் எழுதுங்கள். அதற்கு முன்பாகவே, இன்றைய தேதியிட்டு, நடந்ததையும் நீங்கள் பேசியதையும் விவரித்துக் குழுத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். முன்தேதி போடாதீர்கள்.

காணொளியை வெட்டவோ, வேறு யாருக்கும் அனுப்பவோ வேண்டாம். செல்பேசியை மாற்றுவதாக இருந்தாலும் பழையதைப் பத்திரமாக வையுங்கள். மின்னணுப் பதிவு சாட்சியமாக ஏற்கப்பட, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது.

காவல் நிலையத்துக்கு எப்படித் தகவல் தருவது என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரோடு உட்கார்ந்து, அவர் வரைந்து தரும் கடிதத்தைக் கொடுங்கள். தெய்வக் குற்றம் என்று மிரட்டிய பேச்சுக்கு நியாய சன்ஹிதாவில் தனியே 171ஆவது பிரிவு இருக்கிறது. தண்டனை ஓராண்டு வரைதான். நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை அதை விசாரிக்க முடியாது. ஓராண்டுக்குள் வழக்கு தொடங்கவும் வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டக் குற்றத்துக்கு அத்தகைய கால வரம்பு இல்லை. “நான் தகவல் கொடுத்தால் எங்கள் பெரியவரைச் சிறைக்கு அனுப்பியவன் ஆவேனே” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அவர் உங்கள் திருமணத்தை நடத்தி வைத்தவர் என்பதும் தெரிகிறது. புகார் எழுதுவதற்கு முன் அவரை ஒருமுறை தனியாகப் பார்த்துப் பேசுங்கள். ராம் தயாள் வழக்கை அவருக்குச் சொல்லுங்கள். தான் சொன்னதன் சட்ட எடை அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அடுத்த விழாவில் அவரே ஒலிபெருக்கியில் “அன்று நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்று சொன்னால், வழக்கால் கிடைப்பதைவிட அதனால் மக்களுக்குக் கிடைப்பது அதிகம். சட்டக் கடமை அதனால் நீங்கிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

விலகுவதா? இப்போது வேண்டாம். விலகினாலும் அன்றைய நாளுக்கான பொறுப்பு உங்களை விட்டுப் போகாது. மினிட் புத்தகமும் கணக்கும் மட்டும் உங்கள் கையை விட்டுப் போகும். இருந்துகொண்டு ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: தேர்தல் அறிவித்த நாள் முதல் முடிவு வரும்வரை எந்த வேட்பாளருக்கும் மேடை, மாலை, ஒலிபெருக்கி கிடையாது, வழிபட வந்தால் மற்றவர்களோடு வரிசையில் நின்று வழிபடலாம். முதல் முறை தோற்கும். அதையும் பதிவு செய்யுங்கள். இதற்கிடையில் வீட்டாரை யாராவது மிரட்டினால், அதைத் தனிக் குற்றமாக உடனே புகார் செய்யலாம்.

மதுக்கடைப் பேச்சு

அது தவறே இல்லை. தேர்தல் நேரம் இல்லை, வேட்பாளர் இல்லை, வழிபாட்டுத் தலமும் இல்லை. போதை தரும் பானங்களை விலக்க அரசு முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 47ஆவது பிரிவே சொல்கிறது. உங்கள் நம்பிக்கை அந்தக் கோரிக்கைக்கு உங்களைக் கொண்டுவந்தது என்று நீங்கள் வெளிப்படையாகச் சொன்னீர்கள். அது நேர்மை. 2017 தீர்ப்பில் சிறுபான்மையாக நின்ற மூன்று நீதிபதிகளின் கவலையும் இதை ஒட்டியதுதான்: மதத்தாலும் சாதியாலும் மக்கள் படும் பாட்டைத் தேர்தல் மேடையில் பேசவே கூடாது என்றாகிவிட்டால், ஜனநாயகத்தில் வேறு எங்கே பேசுவது என்று அவர்கள் கேட்டார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பே இன்று சட்டம். ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது என்று நான் நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் கவனித்தீர்களா? மதுக்கடையை மூடக் கோரிய மனுவில் வேறு மதத்தாரும், மதமே இல்லை என்பவர்களும் கையெழுத்திட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மதம் மதுவை விலக்கியிருக்கிறது என்பதற்காக அவர்கள் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் வேறு சிலவற்றையும் பேசினீர்கள்: கடை பள்ளிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, மாலையில் பெண்கள் அந்தத் தெருவை ஏன் தவிர்க்கிறார்கள் என்று. அவை எல்லாரும் எடைபோட்டு, ஒப்பவோ மறுக்கவோ கூடிய காரணங்கள். உங்களை அங்கே கொண்டுவந்தது நம்பிக்கை; மற்றவர்களை உங்களோடு நிற்க வைத்தது அந்தக் காரணங்கள். விழா மேடையில் அப்படி ஒரு காரணமும் சொல்லப்படவில்லை. அந்த வேட்பாளர் சாலை போடுவாரா, மருத்துவமனை கொண்டுவருவாரா என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ‘நம்மவர்’ என்றதோடு பேச்சு முடிந்துவிட்டது. அன்று உங்களுக்கு உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன்.

குழுத் தலைவருக்கு எழுதும் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் உங்கள் மகனிடம் படிக்கக் கொடுங்கள். எந்த இடத்தில் நீங்கள் மென்று விழுங்கியிருக்கிறீர்கள் என்பதை அவர் சரியாகக் காட்டுவார். அவர் கடுமையாக எழுதச் சொல்லும் வரிகளில் எவை காணொளியில் இல்லாதவை என்பதை நீங்கள் அவருக்குக் காட்டுங்கள்.